தப்புக் குழம்பு

காகிதத்தில் மட்டும் வாழ்ந்த ஒருத்தியின் மேல் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி புதுப்புடவை கட்டினால் வயிறு எரிகிறவர்கள் உண்டு. கூடப்பிறந்தவளின் சங்கிலி கண்ணை உறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு எரிந்தது, மாதப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதையாக வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை நினைத்து. அப்படி என்ன செய்துவிட்டாள் என்று கேட்டால், சமைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சாந்தோமுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். இரண்டாம் தாரம். என் வீட்டுக்காரர் தமிழ் வாத்தியார். மூத்தவள் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. விதவையாகித் தம்பியிடமே வந்து தங்கிவிட்ட அவருடைய அக்கா ஒருத்தர் மட்டும் வீட்டில் இருந்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆக, வீட்டில் மூன்று பேர். அப்படித்தான் என் அம்மா வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். வந்து பார்த்தால் நான்கு பேர்.

நான்காவது ஆள் கூடத்துச் சுவரில் படமாகத் தொங்கினாள். அதோடு நின்றிருந்தால் நான் சகித்துக்கொண்டிருப்பேன். அடுப்பங்கரையில் மண்சட்டி அவளுடையது, அஞ்சறைப்பெட்டி அவளுடையது, அம்மிக்குழவியில் கை வழுக்கும் இடம்கூட அவள் கை பிடித்துத் தேய்ந்த இடம். தினம் சாயங்காலம் செபம் சொல்லும்போது அவள் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று தனியாக ஒரு பரலோக மந்திரம் உண்டு. உயிரோடு இருந்த காரணத்தால் எனக்கு ஒன்றும் கிடையாது. கல்லறைத் திருநாள் வந்தால் சாமந்திப் பூவை நான்தான் உட்கார்ந்து கட்டுவேன். நான் கட்டின மாலையை அவள் கல்லறையில் போட்டுவிட்டு இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் மெழுகுவத்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நிற்பேன்.

மீன்காரி வேறு. குப்பத்திலிருந்து கூடையோடு கொல்லைவாசலுக்கு வருவாள். நான் ஒரு சங்கராவை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள். "இன்னாம்மா, இப்டிப் பார்த்துக்கினு கீறே? பெரியம்மா இருந்துச்சே, அது தொட்டுக்கூடப் பாக்காது. வாசல்ல நின்னு மூஞ்சைப் பாத்தே சொல்லிடும், இது காலையில வந்தது, இது நேத்து வந்ததுன்னு." மூஞ்சி என்று சொன்னது மீனுடையதையா தன்னுடையதையா என்று நான் கேட்கவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சாப்பிடும்போது அவர் ஒரு தடவையாவது "இன்னும் கொஞ்சம் போடு" என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னதே இல்லை. நான் எது வைத்தாலும் தட்டில் இருப்பதைச் சுத்தமாகச் சாப்பிடுவார். நல்லா இல்லை என்று சொல்லமாட்டார், நல்ல மனுஷர். கரண்டியோடு அருகில் போனால் கையைத் தட்டின் மேல் குறுக்கே பிடித்து, "போதும்" என்பார். போதும், போதும், போதும். தமிழ் வாத்தியாருக்கு வேறு சொல்லே தெரியாது என்று நினைத்துக்கொள்வேன். என் அம்மா வீட்டில் நான் குழம்பு வைத்தால் மூன்றாம் வீட்டிலிருந்து கிண்ணத்தோடு வருவார்கள். சாந்தோமில் நான் வைத்தது ஒரு கரண்டிக்குமேல் விலைபோகவில்லை.

மூத்தவளுக்கு அந்த "இன்னும் கொஞ்சம்" எப்படிக் கிடைத்தது என்பதை அண்ணி வந்த புதிதிலேயே எனக்குச் சொல்லிவிட்டார். அடுப்பங்கரை வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார்.

"ஒரு ஞாயித்துக்கெழமை. ஆப்பத்துக்குன்னு தேங்காப்பால் புழிஞ்சி ஒரு சொம்புல மூடி வச்சிருந்தா. சர்க்கரை இன்னும் போடல. பக்கத்துல இன்னொரு சொம்புல புளித்தண்ணி. பூசைக்கு மணி அடிச்சிட்டுது. மீன் கொழம்பை எறக்கிட்டுப் போயிடலாம்னு அவசரம். மிச்சப் புளித்தண்ணின்னு நெனச்சி, தேங்காப்பாலைத் தூக்கி சட்டில ஊத்திட்டா. ஐயோ தப்புப் பண்ணிட்டேனேன்னு ஒரே அழுகை. மத்தியானம் தம்பி சாப்ட்டுட்டு இன்னா சொன்னான் தெரியுமா? இன்னும் கொஞ்சம் போடுன்னான். அதுக்கப்பறம் மாசத்துல ஒரு ஞாயிறாவது இந்த வூட்டுல தப்புக் கொழம்புதான்."

தப்புக் குழம்பு. அந்தப் பெயர் அந்த வீட்டைத் தவிர எங்கேயும் கிடையாது. நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் சமைப்பேன், அதை மட்டும் சமைக்கமாட்டேன் என்று. வேணுமென்று செய்த சமையல் எதுவும் எடுபடாத வீட்டில், அவள் கைதவறிச் செய்தது திருநாள் பலகாரம் மாதிரி ஆகிவிட்டது. யாருக்குத்தான் பொறுக்கும்?

அண்ணி அத்தோடு விடவில்லை. நான் ஒருநாள் பச்சை மாங்காய் நறுக்குவதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார். மீனுக்கு என்றேன். எங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் பாதிப் புளிதான் கரைப்போம், மீதிப் புளிப்புக்கு மாங்காயைத் தோலோடு போடுவோம். "இந்த வூட்டுல மீனுக்கு மாங்கா போடறதில்ல. அவளுக்குப் பல்லு கூசும்" என்றார் அண்ணி. செத்துப்போனவளின் பல் கூசக்கூடாது என்பதற்காக நான் அந்த மாங்காயில் உப்பு மிளகாய் தடவி நின்றபடியே தின்று தீர்த்தேன்.

வேறு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. மாம்பலத்தில் தியாகராய நகர் என்று மனை பிரித்து, அகலமாகத் தெரு போட்டு, புதுப்புது வீடாகக் கட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் வாசனை போகாத வீடு, யாரும் சமைக்காத அடுப்பு. அங்கே அவளுக்கு வழி தெரியாது என்று நினைத்தேன். அவரிடம் கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க நல்ல மீன் கெடைக்காதே" என்றார். நல்ல மீன் கிடைத்து இவர் என்ன செய்துவிட்டார்?

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தொடர்கதை வீட்டுக்குள் வந்தது.

பெண்களுக்கென்று வந்த மாதப் பத்திரிகை அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, அண்ணி வெற்றிலைப் பெட்டியைத் திறந்ததும் அவர் உரக்கப் படிப்பார். எனக்கு எட்டாம் வகுப்பு வரைக்கும் படிப்பு உண்டு, நானே படித்துக்கொள்வேன். ஆனாலும் படிப்பது வாத்தியார் வேலை என்று அவருக்கு ஓர் எண்ணம். கதையை எழுதினவர் பெயர் இருக்காது. "ஓர் இல்லாள்" என்று மட்டும் போட்டிருக்கும். குடும்பம் நடத்தும் பெண் ஒருத்தி தன் அடக்கம் தோன்ற அப்படிப் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தோம்.

கதை என்று சொன்னேனே தவிர, கதை ஒன்றும் பெரிதாக இல்லை. கடற்கரைப் பக்கம் ஒரு வீடு, ஒரு கணவன், ஒரு மனைவி. அவள் விடிந்தால் எழுந்து சமைப்பாள். அவன் சாப்பிட்டுப் புகழ்வான். நடுவில் கொஞ்சம் கடன்காரன், கொஞ்சம் மழை. ஆனால் அவள் சமைப்பதை எழுதும்போது மட்டும் அந்த இல்லாளுக்கு எழுத்து வந்துவிடும். சோற்றில் எழும் ஆவி, வறுத்த நெத்திலி தட்டில் விழும் சத்தம், ஆப்பத்தின் ஓரம் சரிகை மாதிரி முறுகியிருப்பது. என் வீட்டுக்காரர் அந்த இடங்களில் படிப்பதை நிறுத்தி எச்சில் விழுங்குவார். சற்று முன்தான் என் கையால் சாப்பிட்டு, போதும் என்று சொல்லிவிட்டு எழுந்த மனுஷர்.

கதைகளில் சமைக்கிற பெண்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. அவர்களுக்குப் புகை கிடையாது. ஈர விறகு கிடையாது. அரிவாள்மணையில் விரல் அறுபடாது. மீன் செதில் முழங்கைவரைக்கும் ஒட்டாது. "அறுசுவை உண்டி சமைத்துப் படைத்தாள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் பூ வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். அந்தப் பாத்திரத்தை எல்லாம் யார் தேய்த்தது? பழைய காவியமானாலும் சரி, நேற்றைய நாவலானாலும் சரி, ஒரு புலவரும் அதைச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்களில் ஒருத்தியைத்தான் என் வீட்டுக்காரர் மாதாமாதம் கூட்டிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார வைத்தார்.

நான் அவளோடு போட்டி போட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போட்டேன். கதையில் அவள் நெத்திலி வறுத்தால் மறுநாள் நான் நெத்திலி வறுப்பேன். அவள் கத்தரிக்காயோடு கருவாடு போட்டால் நானும் போடுவேன். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டின் மேல் கையைக் குறுக்கே பிடிப்பார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வழக்கம்போல் படித்துக்கொண்டே வந்தார். கதையில் வருகிறவள் பூசைக்கு நேரமாகிவிட்டதென்று அவசரப்படுகிறாள். இரண்டு சொம்பு மூடி வைத்திருக்கிறாள். எனக்குக் கை வேலை நின்றுவிட்டது. அவள் சொம்பை மாற்றி ஊற்றுகிறாள், அழுகிறாள். கணவன் சாப்பிட்டுவிட்டு அதற்குப் பெயர் வைக்கிறான்: தப்புக் குழம்பு. அந்தச் சொல்லைப் படித்ததும் அவர் பத்திரிகையை மடியில் தாழ்த்தினார். அண்ணி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "நம்ம வூட்டுல சாப்ட்டவங்க யாரோதான் எழுதறாங்க" என்றார். சுவரில் இருந்த படத்தை இரண்டு பேரும் பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் காதை மட்டும் தீட்டிக்கொண்டேன். அவர் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே படித்தார். அடுத்து அவள் அந்தக் குழம்பை வேண்டுமென்றே ஒருநாள் செய்வதாகக் கதை போகிறது. சட்டியில் மீன் துண்டங்களைப் போடுகிறாள். கரண்டியை விட்டு நன்றாகக் கிளறுகிறாள். முதல் பாலை ஊற்றி, தளதளவென்று வெகுநேரம் கொதிக்க விடுகிறாள்.

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

"எதுக்குச் சிரிக்கற?" என்றார்.

"மீன் போட்டப்பறம் கரண்டி விட்டுக் கெளறினா சட்டில மீன் எங்க இருக்கும்? முள்ளுதான் இருக்கும். கெட்டிப் பாலைக் கொதிக்க வுட்டா திரிஞ்சி தண்ணி வேற பால் வேறயா நிக்கும். இந்த இல்லாள் அடுப்பங்கரையையே பாத்ததில்ல போலருக்கே" என்றேன்.

அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. சாதாரணச் சிவப்பு இல்லை, மிளகாய்ப் பழச் சிவப்பு. பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு வெற்றிலை வேண்டும் என்றார். அவர் வெற்றிலை போடுகிற வழக்கமே இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சமைத்தவள் சட்டியில் கரண்டி போடமாட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தவள்கூட அப்படி எழுதமாட்டாள். அந்தக் குழம்பு தட்டுக்கு வந்தபிறகு எப்படி இருக்கும் என்று மட்டும் தெரிந்து, அடுப்பில் அது என்ன பாடு படும் என்று தெரியாத ஓர் ஆம்பிளைதான் எழுத முடியும். அதுவும் அந்த வீட்டில் மட்டும் குழம்புக்கு வழங்கிய பெயரைத் தெரிந்த ஆம்பிளை. ஓர் இல்லாளாம்! இல்லாதவளைத்தான் மனுஷர் மாதாமாதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போது என் வயிற்றில் எரிந்ததை எப்படிச் சொல்வது? படத்தில் இருந்தவளுக்கு மாலை போட்டேன். கல்லறையில் இருந்தவளுக்கு மெழுகுவத்தி பிடித்தேன். இப்போது பட்டணம் முழுக்க, மதுரை திருச்சி வரைக்கும், முகம் தெரியாத பெண்கள் எல்லாம் அவளைப் படித்து உருகுகிறார்கள். அவர் என்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? "போதும்" என்று எழுதலாம்.

அடுத்த மாதம் பத்திரிகையில் வாசகிகள் பகுதியில் அந்த இல்லாளைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். சைதாப்பேட்டையிலிருந்து ஒருத்தி, ஓர் இல்லாளின் இல்லத்தில் அடுப்பு உண்டா என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தி, அம்மையார் சொன்னபடி செய்து பார்த்தோம், மீனை வடிகட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தாள். அவர் அந்த ஞாயிறு தலைவலி என்று சொல்லிப் படிக்கவில்லை. நான் எடுத்துத் தனியாகப் படித்தேன். இரண்டாம் தடவையும் படித்தேன். அவ்வளவு இனிப்பாக நான் எதையும் படித்ததில்லை.

சில நாள் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கால்கூடக் கழுவாமல் அடுப்பங்கரை வாசலில் நின்றார். அண்ணி மாதா கோயிலுக்குப் போயிருந்தார்.

"எங்க பள்ளிக்கூடத்தில ஒருத்தர் கேட்டார்" என்றார். "மீன் போட்டப்பறம் கரண்டி போடக்கூடாதுன்னா, பின்ன எப்படித்தான் கலக்கறது?"

நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளை அந்த முள்ளும் திரிந்த பாலுமாகவே விட்டிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தும்விட்டேன். ஆனால் அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைக் கவனித்தேன். என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என் கையைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"அந்த ஒருத்தரை இங்க உக்காரச் சொல்லுங்க, காட்டறேன்" என்றேன்.

பலகையைப் போட்டு உட்கார்ந்தார். நான் மண்சட்டியின் விளிம்பை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றிக் காட்டினேன். மீன் ஒன்றோடொன்று இடிக்காமல், குழம்பு மட்டும் சுற்றி வரும். இரண்டாம் பாலில்தான் வேகவிட வேண்டும், முதல் பாலை ஊற்றினதும் ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும் என்றேன். பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு பழைய பரீட்சைத்தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அந்த ஒருத்தருக்காகத்தான்.

அதன்பிறகு "அந்த ஒருத்தர்" அடிக்கடி கேட்டார். உப்பு எவ்வளவு என்று கேட்டார். திட்டமாக என்றேன். திட்டமாக என்றால் எவ்வளவு என்றார். கல்லுப்பை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்து, இவ்வளவு என்றேன். புளி எப்படிக் கரைப்பது என்று கேட்டபோது நான் மெல்ல என் வேலையை ஆரம்பித்தேன். பாதிப் புளிதான் கரைக்க வேண்டும், மீதிப் புளிப்புக்குப் பச்சை மாங்காய், தோலோடு, கொட்டையை ஒட்டி நறுக்கினது என்றேன். அவர் எழுதிக்கொண்டார். இறக்குகிற சமயத்தில் வெந்தயத்தை வறுத்து இடித்து ஒரு சிட்டிகை தூவ வேண்டும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அவளுக்கு மாங்காய் ஆகாது என்பது அவர் ஞாபகத்தில் இல்லை. சாப்பிட்டவருக்கு ருசி ஞாபகம் இருந்தது, அதில் என்ன விழுந்தது என்பது ஞாபகம் இல்லை.

நான் கணக்குப் போட்டுத்தான் செய்தேன். கதையில் இருந்தவளை அவள் அடுப்பிலிருந்தே கிளப்பிவிட்டு, அங்கே நான் உட்கார்ந்துவிட வேண்டும். சாந்தோமுக்காரி மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தாதிரிப்பேட்டைக்காரி ஆனாள். என் அம்மா வைக்கிற மாதிரி கருவாட்டைச் சுடுதண்ணியில் அலசினாள். என் அத்தை சொல்லுகிற மாதிரி வெங்காயத்தை நறுக்காமல் தட்டிப் போட்டாள். வியர்த்தால் முழங்கையால் நெற்றியைத் துடைத்தாள். அது நான். அதைச் சொல்லித்தரவே இல்லை, அவரே பார்த்து எழுதிக்கொண்டது. அந்த வரியை அவர் உரக்கப் படித்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வந்த சந்தோஷத்தில் அண்ணிக்கு வெற்றிலை மடித்துக்கூடக் கொடுத்தேன்.

வாசகிகளும் மாறிவிட்டார்கள். மாங்காய் போட்ட தப்புக் குழம்பு கதையில் வந்த அடுத்த மாதம், பக்கம் கொள்ளாமல் பாராட்டு. சைதாப்பேட்டைக்காரியே மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டு புன்னகை செய்தார்.

அண்ணிதான் பேசினார். "அப்டியே அவதான். அச்சு அசல் அவ கையி. கண்ணை மூடிக்கினு கேட்டா அவ இங்க நின்னுக்கினு வைக்கிற மாதிரியே கீது."

எனக்குப் பொறுக்கவில்லை. "மாங்கா போடறது எங்க வீட்டுப் பழக்கம், அண்ணி. அவங்களுக்குப் பல்லு கூசும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

அண்ணி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "நான் எங்க சொன்னேன்? அவ மாங்கா இல்லாம மீனே வைக்க மாட்டா. நீ இந்த வூட்டுக்கு வந்தப்பறம்தானே கத்துக்கினே?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். பலகையில் உட்கார்ந்து, பரீட்சைத்தாளின் பின்பக்கம், என் வாயிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டவர் அவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அந்த இல்லாள் யார் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிடும். அவர் பக்கத்தைத் திருப்பி, மாதர் சங்கத்துக் கூட்டம் எங்கேயோ நடந்ததைப் படிக்க ஆரம்பித்தார்.

நான் அன்றைக்கு அழவில்லை. அழுவது எனக்குச் சுலபமாக வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தப்புக் குழம்பை வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். காகிதத்தில் போனது போகட்டும். நாக்குக்குத் தெரியும் அல்லவா? அவள் வைத்ததை அந்த நாக்கு பல ஞாயிற்றுக்கிழமை தின்றிருக்கிறது. நான் வைத்ததைத் தின்னும்போது, இது வேறு, இது இவள் கை என்று அதற்குத் தெரியாமல் போகாது. அண்ணி மறக்கலாம். அவர் மறந்தாலும் நாக்கு மறக்காது என்று நம்பினேன்.

மீன்காரியிடம் கூடையையே கவிழ்த்துப் பார்த்து வஞ்சிரம் வாங்கினேன். அவள் பெரியம்மா பேச்சை எடுக்குமுன் கதவைச் சாத்தினேன். மயிலாப்பூர் மாடவீதிக்கு ஆள் அனுப்பி, கை வைத்தால் விண்ணென்று இருக்கிற மாங்காய் வாங்கிவரச் சொன்னேன். மூத்தவளுடைய மண்சட்டியைத் தொடவில்லை. என் அம்மா வீட்டிலிருந்து வந்து பரணில் கிடந்த சட்டியை இறக்கிப் பழக்கினேன். தேங்காயை நானே துருவினேன், நானே பிழிந்தேன். ஒரு சொம்பும் மாறவில்லை, ஒரு தப்பும் நடக்கவில்லை. சட்டியை இறக்கி வெந்தயப் பொடி தூவி மூடினபோது, வாசலில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அவர் சாப்பிட உட்கார்ந்தார். அண்ணி தன் தட்டோடு எதிரில் உட்கார்ந்தார். நான் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, மாங்காய்த் துண்டு ஒன்றை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேலே வைத்தேன். பெயரைச் சொல்லவில்லை. சுவரோரம் நின்றேன்.

முதல் வாய் சாப்பிட்டார். கை நின்றது. மறுபடி பிசைந்தார். வேகமாகச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. மாங்காய்த் துண்டை எடுத்து, தோலைச் சப்பி, தட்டின் ஓரத்தில் வைத்தார். கரண்டியை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன், எப்போதும் போல. அவர் கை குறுக்கே வரவில்லை. தட்டை என் பக்கமாகத் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! சட்டியின் மூடியைத் திறக்கக் குனிந்தேன்.

"அப்படியே அவ வைக்கற மாதிரியே இருக்கு" என்றார்.

அண்ணி ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரர் கண் இலேசாகக் கலங்கியிருந்தது. பொய்க்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் அவருக்கு இருந்தது. மாங்காயும் வெந்தயமும் தட்டிப்போட்ட வெங்காயமும், சிந்தாதிரிப்பேட்டையில் என் அம்மா கையிலிருந்து என் கைக்கு வந்தது அத்தனையும், அவர் எழுதி எழுதி அவள் கணக்கில் வைத்துவிட்டார். எழுதிக்கொடுத்தது அவர், சொல்லிக்கொடுத்தது நான். அவளுக்கு நான் கட்டின மாலைகளில் இதுதான் பெரியது.

திறந்த மூடியை மூடினேன்.

"தீந்துபோச்சு" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றார். ஏமாந்த குழந்தை முகம்.

"அவ்வளவுதான். போதும்" என்றேன்.

மோரை ஊற்றிக்கொண்டு எழுந்து போனார்கள். நான் அடுப்பங்கரைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டேன். சட்டியில் பாதிக்குமேல் இருந்தது. முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அவள் வைத்த மாதிரி இல்லவே இல்லை. தட்டு காலியானதும், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.